புள்ளி வைக்காத அம்மா

போன மாதம் இரண்டு நாள் பயிற்சிக்காகத் திருச்சிக்குப் போக வேண்டியிருந்தது. முதல் நாள் இரவு பையை அடுக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். ஃபிரிட்ஜ் கதவில் சோற்றுப் பருக்கையால் ஒட்டிய ஒரு தாள். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம். ஊதா ஸ்கெட்ச் பேனாவில் ஒரே ஒரு வரி:

அமமாஊருககுபொகாதெ

கீழே ஒரு படம். முக்கோணப் புடவை கட்டிய பெரிய உருவம், அதன் கையில் பை. பக்கத்தில் இரட்டைச் சடை போட்ட சின்ன உருவம். சின்னதின் வலது கை மட்டும் உடம்பை விட நீளமாகப் போய்ப் பெரியதின் புடவையைப் பிடித்திருக்கிறது.

மகளுக்கு ஐந்தரை வயது. அதுவரை அவள் எழுதியதெல்லாம் பார்த்து எழுதியது, இல்லாவிட்டால் நாம் சொல்லச் சொல்ல எழுதியது. யாரும் கேட்காமல், தனக்குச் சொல்ல வேண்டியிருந்ததால் அவளே எழுதிய முதல் வரி இதுதான். பேச்சில் சொல்லியிருக்கலாம், அழுதிருக்கலாம். எழுதினால் அம்மா படிப்பாள் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறதே! தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் பஸ்ஸில் போகும்போது அதைக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டேன். நிறைய இதயங்கள் வந்தன. கூடவே, "புள்ளி வைக்கச் சொல்லிக் கொடு", "போகாதேன்னு நெடில் போடணும், இப்பவே திருத்திடு" என்றும் வந்தது. அக்கறையோடு சொன்னதுதான், எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த வரியில் எனக்குத் தெரிந்தது பிழை அல்ல. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

அவள் எழுதியதை இன்னொரு முறை பாருங்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. போ, தே இரண்டுக்கும் ஒற்றைக் கொம்பு. சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லை. நம் பழைய ஓலைச்சுவடிகளும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். மெய்க்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியமே சொல்கிறது. ஆனாலும் சுவடி எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை, எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். எகர ஏகாரத்தைப் பிரித்துக் காட்ட இரட்டைக் கொம்பு வந்தது 18ஆம் நூற்றாண்டில், வீரமாமுனிவர் காலத்தில். அதற்கு முன்னால் ஒரு சுவடியில் இருப்பது கொடியா கோடியா என்பதை இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உ.வே.சா. போன்றவர்கள் ஏட்டோடு பட்ட பாட்டில் பெரிய பங்கு இதுதான். சுவடிகளில் காலுக்கும் ரகரத்துக்கும்கூட வித்தியாசம் தெரியாது. என் மகளும் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுகிறாள்.

புலவர்கள் தலைமுறை தலைமுறையாக இப்படி எழுதிப் படித்திருக்கிறார்கள். ஐந்தரை வயதில் ஒரு பிள்ளை அப்படி எழுதினால் ஒரே இரவில் திருத்த வேண்டிய அவசரம் என்ன?

கொம்பு விஷயத்தில் இன்னொன்றும் கவனித்தேன். தாளில் 'பொ'வின் கொம்பு மெலிந்து, இடுக்கில் நெருக்கிக்கொண்டு நிற்கிறது. முதலில் 'ப' எழுதியிருக்கிறாள், கொம்பை அப்புறம் முன்னால் செருகியிருக்கிறாள். காதுக்கு முதலில் கேட்பது ப், அதற்குப் பின்தான் ஓ. எழுத்திலோ கொம்பு முதலில் வந்து நிற்கிறது. கேட்ட வரிசையில் எழுதிப் பார்த்து, நம் எழுத்து முறை வேறு மாதிரி என்று நினைவு வந்து, திரும்பிப் போய்ச் சேர்த்திருக்கிறாள். 247 எழுத்துகளையும் நெட்டுருப் போட்டு ஒப்பிக்கிற பிள்ளையிடம் இந்த யோசனையைப் பார்க்க முடியாது. எழுத்து எப்படி வேலை செய்கிறது என்பதைத் தானே கண்டுபிடிக்கும் பிள்ளையிடம்தான் பார்க்க முடியும்.

இப்போது யானைக் கதை. எங்கள் அம்மா 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் பள்ளி முடித்தவர். இன்றைக்கும் பால் கணக்கு எழுதும்போது லை, னை எல்லாம் பழைய வடிவில், முன்னால் சுழித்துத் தூக்கித்தான் போடுவார். பேத்தி அதைப் பார்த்துவிட்டு, "அம்மாச்சி, இந்த எழுத்துக்குத் தும்பிக்கை இருக்கு!" என்று குதித்தாள். அன்றிலிருந்து யானை என்று எழுத அந்தப் பழைய 'னை'தான். வேறு எந்தச் சொல்லுக்கும் இல்லை, யானைக்கு மட்டும். யானைக்குத் தும்பிக்கை உள்ள எழுத்து, மற்றதற்குப் புத்தகத்தில் இருக்கும் எழுத்து. இப்படி ஒரு விதியை அவளாகவே போட்டுக்கொண்டாள்.

பள்ளி நோட்டில் அந்த யானையின் மேல் சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. எண்பது பக்க நோட்டுகள் கட்டுக் கட்டாகத் திருத்த வேண்டிய ஆசிரியையிடம் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அன்று சாயங்காலம் என் மகள், "யானைக்கு அடிபட்டிருச்சு" என்று சொன்ன முகம் எனக்கு மறக்கவில்லை. அப்புறம் இரண்டு வாரம் யானையே வரையவில்லை. பிள்ளைகள் எழுத்தையும் படத்தையும் நாம் பிரிப்பதுபோல் பிரிப்பதில்லை. இரண்டும் அவர்களுக்கு ஒரே தாளில் நடக்கும் ஒரே வேலை.

படங்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மூன்று வயதில் அவள் வரைந்த மனிதர்களுக்கு உடம்பே கிடையாது. பெரிய தலை, தலையிலிருந்து நேராக இரண்டு கால். உலகத்தில் பல ஊர்களிலும் அந்த வயதுப் பிள்ளைகள் மனிதரைப் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். அதற்கும் முன்னால் வெறும் கிறுக்கல்தான், ஆனால் கிறுக்கலுக்குள்ளும் ஒழுங்கு இருக்கிறது. அமெரிக்காவில் மழலையர் பள்ளி நடத்திய ரோடா கெல்லாக் என்ற பெண்மணி குழந்தைகளின் படங்களை லட்சக்கணக்கில் சேர்த்துப் பார்த்து, அவற்றில் 20 அடிப்படைக் கிறுக்கல்களைப் பிரித்துக் காட்டினார். புள்ளி, கோடு, வளைவு, சுழி, வட்டம் என்று போகிறது அந்தப் பட்டியல். அம்மாச்சி வாசலில் போடும் கோலத்திலும் கிட்டத்தட்ட எல்லாமே இருக்கின்றன.

நாலரை வயதில் ஒரு படம் வரைந்தாள். அப்பா நிற்கிறார், வயிற்றுக்குள் நான்கு வட்டம். "அப்பா சாப்பிட்ட இட்லி." பக்கத்தில் நான், என் வயிற்றுக்குள்ளும் ஒரு சின்ன உருவம். "இது நான். பிறக்கிறதுக்கு முன்னாடி." குழந்தைகள் கண்ணுக்குத் தெரிவதை வரைவதில்லை, தங்களுக்குத் தெரிந்ததை வரைகிறார்கள் என்று லூக்கே என்ற பிரெஞ்சு அறிஞர் 1927லேயே எழுதிவிட்டார். அதனால்தான் பஸ்ஸுக்கு நாலு சக்கரமும் ஒரே பக்கம் தெரிகிறது, வீட்டுச் சுவரைத் தாண்டி உள்ளே மின்விசிறி தெரிகிறது. அந்த நீண்ட கையும் அப்படித்தான். புடவையை எட்டிப் பிடிக்க வேண்டும், அதற்கு எவ்வளவு நீளம் வேண்டுமோ அவ்வளவு நீளம்.

எனக்கு மிகவும் பிடித்த குழந்தை ஓவியன் ஒருவன் இருக்கிறான், பெயர் ஒன்ஃபிம். 13ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவின் நோவ்கொரோத் நகரத்தில் இருந்தவன், ஆறு ஏழு வயது இருக்கும் என்கிறார்கள். பிர்ச் மரப்பட்டையில் அவன் கீறியவை 1956ல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன. எழுத்துப் பயிற்சி செய்கிறான், பாதியில் குதிரை வீரனை வரைந்து பக்கத்தில் தன் பெயரை எழுதிவிடுகிறான். இன்னொரு பட்டையில் ஒரு விநோத மிருகம், கூடவே "நான் ஒரு மிருகம்" என்று வாசகம். அவன் மனிதர்களுக்குக் கையில் விரல் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறுகிறது. என் மகளின் மனிதர்களுக்கும் அப்படியே. அந்தப் படங்களை அவளிடம் செல்போனில் காட்டினேன். "இந்தப் பையன் எந்த ஸ்கூல்?" என்று கேட்டாள்.

மூன்று வயதிலேயே நாலுகோடு நோட்டைக் கையில் கொடுத்து, கோட்டைத் தாண்டாமல் எழுது என்பது எனக்கு ஒப்பவே இல்லை. மணிக்கட்டில் இருக்கும் எட்டுச் சிறு எலும்புகள் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாக இறுகி முடிய வருடங்கள் ஆகின்றன. அந்தக் கைக்கு மொட்டை மாடியில் சாக்பீஸும், மணலும், பழைய பெயிண்ட் பிரஷும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். வண்ணம் தீட்டும் புத்தகம் எப்போதாவது சரி. ஆனால் வேறொருவர் வரைந்த யானைக்குள் நிறம் நிரப்பும் பிள்ளைக்கு அதற்குத் தும்பிக்கை எங்கே தொடங்குகிறது என்று யோசிக்கும் வேலையே இல்லாமல் போகிறது.

எங்கள் வீட்டில் காலண்டர் தாளைத் தூக்கிப் போடுவதில்லை. அதில் ஒரு வசதி, படத்தின் பின்னால் தேதி, கிழமை, ராகு காலம் எல்லாம் தானாகவே இருக்கும். "இது என்ன?" என்று கேட்பதை விட்டுவிட்டேன், அப்படிக் கேட்டால் தன் படம் புரியவில்லை என்று அவள் முகம் வாடுகிறது. "இதைப் பத்திச் சொல்லு" என்றால் கதை வருகிறது. அவள் சொல்வதை அவள் சொன்ன பேச்சிலேயே ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்கிறேன். எல்லாம் ஒரு பழைய புடவைப் பெட்டியில் இருக்கின்றன. போன வாரம் திறந்தால் ஒரு வாசனை. அம்மா ஒரு துண்டு வசம்பு போட்டு வைத்திருக்கிறார், பூச்சி அரிக்காமல் இருக்க. சுவடிகளுக்கும் அதைத்தான் போடுவார்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் அதற்குப் பெயர் பிள்ளை வளர்ப்பான்.

திருச்சியிலிருந்து திரும்பி வந்தபோது இரவு பத்து மணி. தூங்கிவிட்டாள். ஃபிரிட்ஜ் கதவில் புதுத் தாள் ஒன்று.

அம்மா வநதாசசு

அம்மாவின் 'ம்'முக்கு மட்டும் புள்ளி. பெரிதாக, சிவப்பில், வட்டமாக அழுத்தி வரைந்திருந்தாள். காலையில் கேட்டேன். "அது பொட்டும்மா. ஊருக்குப் போறப்ப வெச்சிட்டுப் போனியே" என்றாள்.