வாணி ஜெயராமுக்கு பத்ம பூஷண் செத்தப்புறம் குடுத்தாங்களா? இல்லப்பா

ஃபேமிலி குரூப்ல மாமா ஒரு ஃபார்வர்ட் போட்டாரு, "பாடகி வாணி ஜெயராம் பாம்பேல பொறந்தவங்க, உயிரோட இருக்கறவரைக்கும் கண்டுக்காம விட்டுட்டு செத்தப்புறம் பத்ம பூஷண் குடுத்தாங்க"ன்னு. வேலூர் கோட்டை எதிர்ல டீ குடிச்சிட்டு இருந்தேன், படிச்சதும் இன்னாடா இதுன்னு ஆயிடுச்சு.

ரெண்டுமே தப்பு. 2023 ஜனவரி 25 சாயந்திரம், குடியரசு தினத்துக்கு மொத நாள், பத்ம லிஸ்ட் வந்துச்சு, அதுல அவங்க பேரு இருந்துச்சு, அப்போ உயிரோடதான் இருந்தாங்க. காலமானது பிப்ரவரி 4, சென்னைல, 77 வயசு. விருது குடுக்கற விழா அதுக்கப்புறம் நடந்ததால அவங்க கையால வாங்க முடியல, அவ்ளோதான், அதை வெச்சி கதை கட்டிட்டாங்க. மறைவுக்குப் பின் விருதுன்னா லிஸ்ட்லயே பேருக்குப் பக்கத்துல போட்டிருப்பாங்க மாமா.

பொறந்தது நம்ம வேலூர்ல, 1945ல, கலைவாணின்னு பேரு. பாம்பே கல்யாணத்துக்கு அப்புறம் போன ஊரு, 1971ல 'குட்டி' இந்திப் படத்துல மியூசிக் டைரக்டர் வசந்த் தேசாய் பாட வெச்சதால அந்த ஊர்க்காரங்கன்னு நெனச்சிட்டாங்க போல.

கண்டுக்கலன்றதும் பாதிதான் சரி. தேசிய விருது மூணு தடவ, மொதல்ல 'அபூர்வ ராகங்கள்', அப்புறம் ரெண்டு தெலுங்குப் படம். 'ஏழு ஸ்வரங்களுக்குள்' பாட்ட ஹெட்போன்ல கேளுங்க, மேல போறப்போ கூட குரல்ல ஒரு பிசிறு இருக்காது. பத்ம பூஷண் லேட்டுன்னு திட்டுங்க, நானும் கூட சேர்ந்து திட்டறேன். மாமா இன்னும் அத டெலிட் பண்ணல.