ஆட்டிசத்துக்குச் சான்றிதழ் உண்டு

"ஆட்டிசம் சட்டப்படி மாற்றுத்திறன் பட்டியலில் இல்லை, சான்றிதழ் கேட்டு அலைய வேண்டாம்" என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பி யாரும் இருந்துவிடாதீர்கள். அது மாற்றுத்திறனாளிகளுக்கான பழைய 1995 சட்டத்தின் நிலைமை. அதில் ஏழே வகைகள், ஆட்டிசம் இல்லை. அதற்குப் பதிலாக வந்த 2016 சட்டத்தில் 21 வகைகள் உள்ளன. ஆட்டிசம் தனியாகவே இருக்கிறது. கண், காது இரண்டும் பாதிக்கப்பட்ட நிலையும் பல்வகைக் குறைபாட்டின் கீழ் வருகிறது.

என் அக்கா மகனுக்கு மிக்ஸி ஓடினால் போதும், காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். இதே பழைய தகவலைச் சொல்லித்தான் ஒரு இடத்தில் எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு வருடம் வீணாகப் போனது. அந்த வயதில் இரண்டு வருடம் என்பது சின்ன விஷயம் இல்லை.

குழந்தைக்கு 18 வயதுக்குள் என்றால் முதலில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போங்கள். பார்வை, கேட்டல், பேச்சு, ஆட்டிசம் எல்லாவற்றையும் அங்கே பார்ப்பார்கள். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனமே இருக்கிறது. ஆனால் தெற்கு மாவட்டத்திலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் வந்துபோவது பெரும்பாடு. "பக்கத்தில் எதுவும் இல்லை" என்று அந்தப் பதிவை எழுதியவர் சொன்னதில் அந்த வலி நிஜம்தான்.

அப்புறம், ஆட்டிசத்துக்கு மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. தெரபிச் செலவுக்கும் கேட்கலாம்.