கடிதத்தோடு மூச்சையும் கொடுத்து அனுப்புங்கள்

குழந்தைக்கு முடியவில்லை என்று தூக்கிக்கொண்டு ஓடிவரும் பெற்றோரிடம் சென்னையின் சிறு மருத்துவமனைகள் பல முதலில் சொல்வது, "உடனே எழும்பூருக்குக் கொண்டுபோய்விடுங்கள்" என்பதுதான். எழும்பூர் என்றால் ஹால்ஸ் சாலையில் இருக்கும் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அனுப்புவதை நான் குறை சொல்லவில்லை, வசதி இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டிருப்பதைவிட அது மேல். ஆனால் பரிந்துரைக் கடிதம் எழுதி முடிக்கும் நேரத்தில் அந்தக் குழந்தைக்கு மூச்சுக் கொடுக்க யாரும் முனைவதில்லையே என்பதுதான், குழந்தைகள் அவசரப் பிரிவில் செவிலியராகப் பல ஆண்டுகள் நின்றவள் என்ற முறையில் எனக்கு இருக்கும் ஆதங்கம்.

பெரியவர்களுக்கு இதயம் திடீரென்று நிற்பது பெரும்பாலும் இதயத்திலேயே இருக்கும் கோளாறால். குழந்தைகளில் அப்படியில்லை. நிமோனியாவோ, விடாத வாந்தி பேதியோ, டெங்கு அதிர்ச்சியோ (உடலுக்குப் போதிய ரத்த ஓட்டம் இல்லாமல் போகும் நிலை), நீண்ட வலிப்போ மூச்சையும் ரத்த ஓட்டத்தையும் மெல்ல மெல்லக் குலைத்து, ஆக்சிஜன் போதாமல் போன பிறகுதான் நல்ல இதயம்கூட நிற்கிறது. நின்ற பிறகு மீள்பவர்கள் குறைவு. அதனால் குழந்தைகளின் உயிர்மீட்பு என்பது பெரும்பாலும் நெஞ்சை அழுத்துவதற்கு முன்பே, மூச்சு தடுமாறத் தொடங்கும்போதே செய்ய வேண்டிய வேலை.

அந்தத் தடுமாற்றத்தைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணினால் போதும்: இரண்டு மாதத்துக்குக் குறைந்த பச்சிளங்குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 என்ற எண்ணிக்கையை எட்டினாலோ தாண்டினாலோ அது வேகமான மூச்சு. விலா எலும்புகளுக்குக் கீழே உள்வாங்குவது, மூக்கு விடைப்பது, ஒவ்வொரு மூச்சு விடும்போதும் முனகுவது ஆகியவை இன்னும் மோசமான அறிகுறிகள். ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது என்று நிம்மதி கொள்ளக் கூடாது. குழந்தைகளுக்கு அது கடைசியில்தான் விழும். எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது, இரைத்து இரைத்துக் களைத்த குழந்தையின் மூச்சு தானாகக் குறைந்து, கண்கள் செருகுவது. "சிஸ்டர், இப்பதான் தூங்கறான், எழுப்பாதீங்க" என்று தாய்மார்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், அது தூக்கமில்லை.

அப்படித்தான் ஒரு முறை, எட்டு மாதக் குழந்தை ஒன்றை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். கையில் சலைனும் மருந்தும் ஏற்றும் வென்ஃப்ளான் ஊசிக்குழாய் அழகாக ஒட்டப்பட்டிருந்தது, கடிதமும் முத்து முத்தான எழுத்தில் இருந்தது, ஆக்சிஜன் மட்டும் வழி முழுவதும் இல்லை. உதடு சாம்பல் நிறம். தோளுக்கடியில் மடித்த துண்டு ஒன்றை வைத்துத் தலையை நேராக்கி, முகமூடியை மூக்கின் மேலிருந்து தாடை வரை பொருத்தி, மார்பு லேசாக உயரும் அளவுக்கு மட்டும் ஆம்பு பேக்கை, அதாவது கையால் அழுத்தி நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தும் பையை, அழுத்தினோம், இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு முறை. சற்று நேரத்தில் உதட்டில் நிறம் திரும்பியது. அந்தப் பையை அழுத்த எழும்பூர் வரை வர வேண்டிய அவசியமே இல்லை.

சலைன் ஏற்றித்தானே அனுப்புகிறோம் என்பார்கள். சலைன் விஷயம் அவ்வளவு எளிதல்ல. அதிர்ச்சி நிலையில் வந்த 147 குழந்தைகளுக்கு எழும்பூர் மருத்துவமனையிலேயே இரண்டு வேகங்களில் திரவம் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2008இல் வெளியானது. உயிரிழப்பில் வேறுபாடு தெரியவில்லை. 2011இல் கிழக்கு ஆப்பிரிக்காவில், தீவிர சிகிச்சை வசதி இல்லாத மருத்துவமனைகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், வேகமாகத் திரவம் பெற்றவர்களிடையே இறப்பு கூடியே இருந்தது. திரவம் எவ்வளவு, எத்தனை வேகம் என்பதில் மருத்துவர்கள் இன்னும் விவாதிக்கட்டும். மூச்சுக் குறைந்த குழந்தைக்கு ஆக்சிஜனும் பையும் வேண்டும் என்பதில் விவாதமே இல்லை.

சிறு மருத்துவமனைகளின் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. குழந்தை அங்கேயே இறந்துவிட்டால் உறவினர் கூட்டம் கண்ணாடியை உடைக்கும் என்ற பயம் கற்பனையல்ல. அந்தக் கோபத்துக்கு நாமும் பொறுப்பு. ஆனால் முதலுதவி அளிப்பது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989லேயே சொல்லிவிட்டது. குழந்தைகளைப் பார்க்கும் எந்த இடத்திலும் குழந்தை அளவிலான பை, மூன்று நான்கு அளவு முகமூடிகள், உண்மையிலேயே வாயு இருக்கும் சிலிண்டர், சர்க்கரை பார்க்கும் கருவி ஆகியவை இருக்க வேண்டும். வரவேற்பறை மீன்தொட்டிக்கு ஆகும் செலவோடு பார்த்தால் அந்தப் பையின் விலை பெரிதல்ல. பழகாத கைக்குப் பை பயன்படாது என்பதால், பொம்மையை வைத்தாவது செவிலியர்கள் மாதந்தோறும் பயிற்சி எடுக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வேறு இடத்துக்குப் போகச் சொன்னால் கிளம்புவதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: வழியில் ஆக்சிஜன் உண்டா, பை அழுத்தத் தெரிந்தவர் யார் கூட வருகிறார், போய்ச் சேரும் இடத்துக்குத் தொலைபேசியில் சொல்லியாகிவிட்டதா. இல்லை என்ற பதில் வந்தால் ஆட்டோவை நிறுத்திவிட்டு 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை குழந்தைக்கு அங்கேயே ஆக்சிஜன் வைக்கும்படி தயங்காமல் கேளுங்கள்.