நர்சிங் மாணவியும் கால்நடை மாணவரும் ஒரே வகுப்பில் உட்காரட்டும்

மாட்டின் வாயில் எச்சில் ஒழுகுகிறது, தீனி எடுக்கவில்லை, குரல் மாறிக் கத்துகிறது. சென்னை வியாசர்பாடிப் பக்கம் கறவை மாடு வைத்திருப்பவர் என்ன செய்வார்? தொண்டையில் ஏதோ சிக்கிவிட்டது என்று வாய்க்குள் கையை விட்டுத் துழாவுவார். மாட்டுக்கு வெறிநோய் (ரேபிஸ்) இருந்தால், அது அவருக்கும் தொற்ற அவர் கையில் ஒரு கீறல் இருந்தாலே போதும்.

அவரே கைப்புண்ணுக்கு மருந்து போட வந்தால் நர்ஸ் கேட்பது ஒரே கேள்விதான். "நாய் ஏதாவது கடிச்சுதாண்ணே?" "இல்லம்மா." அதோடு சரி. "மாடு வச்சிருக்கீங்களா, அதுக்கு உடம்பு நல்லா இருக்கா?" என்று கேட்க யாரும் நர்ஸுகளான எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. கால்நடை மருத்துவம் படிப்பவருக்கு அது அடிப்படைப் பாடம்.

நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுப்பவள் என்ற முறையில் கேட்கிறேன்: இந்த இரண்டு படிப்பும் ஏன் ஒன்றையொன்று பார்க்காமலே முடிகின்றன? வேப்பேரியில் 1903 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாதவரத்தில் அதன் பல்கலைக்கழகம். ராயபுரம் பக்கம் ஸ்டான்லி அரசு மருத்துவமனை, தண்டையார்பேட்டையில் தொற்றுநோய் மருத்துவமனை. எல்லாம் சில கிலோமீட்டருக்குள்.

எங்களிடமும் கொடுக்க நிறைய இருக்கிறது. கடிபட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கேட்க எளிது. வலியில் அலறும் பிள்ளையைக் குழாயடியில் அத்தனை நேரம் பிடித்து வைத்து, காயத்தில் அப்பிய மஞ்சளையும் சுண்ணாம்பையும் கழுவி எடுத்து, கூடவே அம்மாவையும் சமாதானப்படுத்துவது தனி வேலை. முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28 என்று நான்கு நாள் ஊசிக்கும் அந்தப் பிள்ளையைத் தவறாமல் வரவைப்பது அதைவிடப் பெரிய வேலை. இதில் நர்ஸுகளுக்குக் கைப்பழக்கம் உண்டு. கடித்த நாயையும் பிள்ளையையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு வருபவர்களை முதலில் பார்ப்பது பல நேரம் கால்நடை மாணவர்தான். அவருக்கும் இது தெரிய வேண்டாமா?

வலியை அளப்பதும் அப்படித்தான். பேச்சு வராத குழந்தைக்கு முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்று பார்த்து நாங்கள் மதிப்பெண் போடுகிறோம். அவர்கள் நாய்க்கு அதே மாதிரி பார்த்துப் போடுகிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் நின்று செய்து பார்த்தால் இருவர் கண்ணும் கூர்மையாகும்.

பல்கலைக்கழகம் வேறு, படிப்பை முறைப்படுத்தும் கவுன்சில் வேறு என்பார்கள். சரி, பாடத்திட்டத்தைத் தொட வேண்டாம். வெறிநோயும், விலங்குகளின் சிறுநீர் கலந்த மழைத்தண்ணீரால் பரவும் எலிக்காய்ச்சலும், இந்த இரண்டை மட்டும் மழைக்காலத்துக்கு முன்னால் சேர்த்து நடத்துங்கள். அதற்கு ஒரு வகுப்பறையும் இரண்டு முதல்வர்களின் கையெழுத்தும் போதும்.