கெமிஸ்ட்ரி படித்தது வீண் போகாது
"பி.டெக். நானோடெக்னாலஜி படித்தால்தான் அந்தத் துறைக்குள் நுழைய முடியும், பி.எஸ்சி. கெமிஸ்ட்ரியில் சேர்ந்தது வீண்" என்று, நானோ துறைக்குப் போக வழி கேட்ட கடலூர் கெமிஸ்ட்ரி மாணவத் தம்பியைப் பயமுறுத்தியிருக்கிறீர்கள். அது சரியில்லை அண்ணா. நானோ என்பது ஓர் அளவு, ஏறக்குறைய 1 முதல் 100 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு). அந்த அளவில் வேலை செய்ய எல்லாத் துறைக்காரர்களும் வருகிறார்கள். குவாண்டம் புள்ளிகள் என்னும் நானோ அளவுக் குறைக்கடத்தித் துகள்களுக்காக 2023இல் வேதியியல் நோபல் வாங்கிய மூவரில் எகிமோவ் இயற்பியல்காரர், பவெண்டியும் புரூஸும் வேதியியல்காரர்கள்.

தம்பி, உன் லேபிலேயே இதைப் பார்க்க வாய்ப்பிருக்கிறதா என்று கேள். கொதிக்கும் தங்க குளோரைடு கரைசலில் சோடியம் சிட்ரேட்டை விட்டால் வெளிர் மஞ்சள் மறையும். கொஞ்ச நேரத்தில் மாதுளைச் சாறு மாதிரி சிவக்கும். தங்கம்தான், ஆனால் நானோ துகளாக. தயாரிப்பது முழுக்கக் கெமிஸ்ட்ரி. ஏன் சிவந்தது என்று கேட்டால் பிசிக்ஸுக்குப் போக வேண்டும். பிசிக்ஸுக்குக் கணக்கு வேண்டும், அதனால் அதை மட்டும் கைவிட்டுவிடாதே (நான் விட்டுவிட்டு அப்புறம் பட்ட பாடு எனக்குத் தெரியும்).

மேற்படிப்புக்குச் சென்னைக்குத்தான் ஓட வேண்டும் என்பதும் இல்லை. பக்கத்திலேயே காலாப்பட்டில், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நானோ அறிவியலுக்குத் தனி மையம் இருக்கிறது. சேர்க்கைத் தகுதியை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்.