என் அத்தை எந்த மாத்திரையையும் தூக்கிப் போடவில்லை

அந்த வீடியோவை எனக்கு அனுப்பாதவர்கள் இனி யாரும் பாக்கியில்லை. பார்த்துவிட்டேன். "மருந்துக்கு அடங்காத டிபி ஏன் வருகிறது தெரியுமா? மாத்திரையைப் பாதியில் தூக்கிப் போடுகிற பொறுப்பற்ற ஜென்மங்களால்" என்று மைக்கைப் பிடித்தவர் முழங்குகிறார், முன்வரிசை கை தட்டுகிறது. கீழே "சரியான சாட்டையடி" என்று பாராட்டு வேறு. பாராட்டியவர்களில் சிலர் என் நண்பர்கள். நல்லது.

சொல்ல வந்தது ஒன்றுதான், அதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் காற்றில் பரவும். அந்தக் கிருமியை இருமித் தள்ளும் ஒருவரோடு ஒரே அறையில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தால், அதுவரை டிபி மாத்திரையைக் கண்ணால்கூடப் பார்க்காதவருக்கும் அது தொற்றலாம். 2014–16இல் நடந்த தேசிய ஆய்வில், முன்பு சிகிச்சையே எடுக்காத புது நோயாளிகளில் 2.84 சதவீதம் பேருக்குப் பன்மருந்துக்குக் கட்டுப்படாத நோய் இருந்தது. ஏற்கெனவே சிகிச்சை எடுத்தவர்களில் 11.60 சதவீதம். "பார்த்தாயா, நான்கு மடங்கு!" என்று துள்ள வேண்டாம். இந்த நாட்டில் புது நோயாளிகளின் எண்ணிக்கை பல மடங்கு பெரிது. அந்த 2.84க்குள் எத்தனை குடும்பங்கள் அடங்கும்? அவர்கள் எந்த மாத்திரையை எந்தக் குப்பையில் போட்டார்கள்?

என் சின்ன அத்தை நீடாமங்கலம் பக்கத்துக்காரர். நடவும் களையெடுப்பும்தான் பிழைப்பு. இருமல் வந்தபோது கடைத்தெரு மருந்துக்கடையில் லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். மருத்துவர் சீட்டா? யார் கேட்டது. அந்த மருந்து காசநோய்க் கிருமியையும் சற்று அடக்கும். இருமல் தணிந்தது, நோய் ஒளிந்துகொண்டது. மறுபடி இருமல், மறுபடி அதே மாத்திரை. பிறகு ஒரு தனியார் மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்து டிபி என்றார், வழக்கமான நான்கு மருந்துகளை எழுதிக் கொடுத்தார். அவை அத்தையின் உடம்பிலிருந்த கிருமியைக் கொல்லுமா என்று யாரும் சோதிக்கவில்லை.

சளியைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால் கிருமி இருப்பது தெரியும், எந்த மருந்துக்கு அது மசியாது என்பது தெரியாது. கிருமியின் மரபணுவைச் சோதிக்கும் சிபிநாட் இயந்திரம், டிபியின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்பதை இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும். இன்னொரு முக்கிய மருந்தான ஐசோனியாசிட் பற்றி வழக்கமான சிபிநாட் வாய் திறக்காது, அதற்கு லைன் புரோப் என்று இன்னொரு சோதனை வேண்டும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் என்றால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நோயாளியைத் திட்ட இந்தக் கருவி எதுவும் தேவையில்லை என்பது ஒரு வசதிதான்.

தஞ்சாவூரில் சிபிநாட் எடுத்து ரிஃபாம்பிசின் பலிக்காது என்று தெரிந்தபோது அத்தைக்குப் புடவை இடுப்பில் நிற்கவில்லை. அதுவரை ஒரு வேளை மாத்திரைகூட விட்டதில்லை. குமட்டலோடு விழுங்கிவிட்டு நாற்றுப் பறிக்கப் போனவர். அடுத்து ஒன்றரை ஆண்டுச் சிகிச்சை. அதில் குளோஃபசிமின் என்ற மருந்து தோலைக் கறுக்கடித்தது. லினசோலிட் என்ற இன்னொன்று பாதத்தில் எரிச்சலைக் கொடுத்தது, வரப்பில் கால் வைக்க முடியவில்லை. "செய்த பாவம் முகத்தில் தெரிகிறது" என்றார் தெருவில் ஒரு புண்ணியவதி. பெடாகுயிலின் என்ற மருந்து சேர்ந்த, ஆறே மாதத்தில் முடியும் சிகிச்சைக்கு இந்தியா 2024 செப்டம்பரில்தான் அனுமதி கொடுத்தது. அத்தைக்கு அது கொடுத்துவைக்கவில்லை.

"அப்படியானால் பாதியில் நிறுத்துபவர்களே இல்லையா?" இருக்கிறார்கள். குடியும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் 2024 மார்ச்சில் நாட்டில் டிபி மருந்துக்கே தட்டுப்பாடு வந்து, உள்ளூரில் வாங்கிச் சமாளியுங்கள் என்று மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியதே, அப்போது பொறுப்பற்ற ஜென்மம் யார்? அன்று முன்வரிசை யாருக்குக் கை தட்டிக்கொண்டிருந்தது? ஊட்டச்சத்துக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்தார்கள், 2024 நவம்பரிலிருந்து 1000. வேண்டாம் என்று சொல்லவில்லை. குறுவை நடவு நேரத்தில் கூலியை விட்டுவிட்டுப் படுத்திருக்கும் பெண்ணுக்கு அது எத்தனை நாளைக்குக் காணும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

"நீ என்ன டாக்டரா?" இல்லை. மைக்கைப் பிடித்தவரும் இல்லை.

"நல்ல எண்ணத்தில் பயமுறுத்தினார்" என்கிறார் ஓர் அண்ணன். பயந்தவன் இருமலை மறைப்பான் அண்ணா. மறைத்தபடி பஸ்ஸில் ஏறுவான், பேரனைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்வான். காற்றில் பரவும் என்று மேலே எழுதியதை மறுபடி படியுங்கள்.

இதற்கெல்லாம்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. போன மாதம் அத்தை மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பஜ்ஜி, காபி எல்லாம் ஆயிற்று. கிளம்பும்போது மாப்பிள்ளையின் பெரியம்மா கேட்டார், "அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடாமல் விட்டவராமே?" டிபி வந்ததைப் பற்றிக்கூட அவர் கேட்கவில்லை. குணமாகி வருடம் கடந்தும் அத்தையின் நடத்தைக்குச் சான்றிதழ் வேண்டியிருக்கிறது. அந்தப் பெரியம்மாவுக்கு இதை எந்த மேடை கற்றுக்கொடுத்தது?

அத்தை பதில் சொல்லாமல் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் சொன்னேன், கொஞ்சம் உரக்கவே சொன்னேன். அந்தச் சம்பந்தம் நின்றுபோனதற்கு என் வாய்தான் காரணம் என்று வீட்டில் பேச்சு. இருக்கட்டும்.

கை தட்டிய நண்பர்கள் தாமாகவே என் பட்டியலிலிருந்து விலகிக்கொள்ளலாம். ஒவ்வொருவராகத் தேடி நீக்க எனக்கு நேரமில்லை.