“எல்லா வண்டியும் இப்படித்தான் சார்” என்று இனி ஒருமுறை சொல்லாதீர்கள்

“கஸ்டமர் வீல் அலைன்மென்ட் செய்யச் சொன்னார்.” என் புதுக் காரை மூன்றாவது முறை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனபோதும் ஜாப் கார்டில், அதாவது வண்டியின் குறையையும் செய்ய வேண்டிய வேலையையும் எழுதும் சீட்டில், இதையேதான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான் எங்கே அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வேலை, செய்யச் சொன்னேன்? வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்றேன். ஸ்டீயரிங் நடுவில் ஒட்டிக்கொள்கிறது என்றேன். சர்வீஸ் அட்வைசர் கம்ப்யூட்டரில் தட்டத் தட்ட, நிறுத்தி நிதானமாக, வார்த்தை வார்த்தையாகச் சொன்னேன். அச்சாகி வந்த காகிதத்தில் நான் சொன்ன ஒரு வார்த்தைகூட இல்லை.

வண்டி வாங்கி 47 நாள் ஆகிறது. ஓடியது 1,100 கிலோமீட்டர். அதில் பாதி சர்வீஸ் சென்டருக்குப் போய் வந்ததிலேயே ஓடியிருக்கும்.

டெலிவரி எடுத்த அன்றே தெரிந்துவிட்டது. நேரான சாலையில் நேராகப் போவதற்கு, ஸ்டீயரிங்கை வலது பக்கம் கொஞ்சம் திருப்பியே பிடித்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் இருக்கும் கம்பெனி முத்திரை சாய்ந்தே நின்றது. பிடியைத் தளர்த்தினால் போதும், வண்டி இடது பக்கம் நகர ஆரம்பித்துவிடும். 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு விநாடிக்கு கிட்டத்தட்ட 28 மீட்டர் தாண்டுகிறது. பக்கக் கண்ணாடியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் ஓரக் கோட்டுக்குப் போய்விடுகிறது. பின் சீட்டில் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு மணி நேரம் இழுவையை எதிர்த்துப் பிடித்தபடி ஓட்டிவிட்டு இறங்கினால், வலது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வலி. புது வண்டி வாங்கிய சந்தோஷத்தில் நீண்ட தூரம் போக ஆசைப்பட்டவன், இப்போது போகிற தூரத்தைக் கேட்டாலே தயங்குகிறேன்.

இன்னொரு கோளாறு இதைவிட மோசம். நடுவில் ஒரு ஒட்டல். நேராகப் போகும்போது சின்னதாக ஒரு திருத்தம் கொடுப்போமே, விரல் நுனியில், ஒரு நூல் அளவு. அதைக் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் திடீரென்று விடுபட்டு, நான் நினைத்ததைவிட அதிகமாகத் திரும்பும். உடனே எதிர்ப்பக்கம் திருத்த வேண்டும். அங்கும் அதே கதை. வண்டி கோட்டுக்குள் நெளிந்து நெளிந்து போகிறது. பின்னால் வருகிறவர் என்னைக் குடித்துவிட்டு ஓட்டுகிறவன் என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இதைச் சொன்னபோது சர்வீஸ் அட்வைசர் சொன்ன பதில்: “எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் சார், அப்படித்தான் இருக்கும். உங்க பழைய வண்டி ஹைட்ராலிக். பழகணும்.”

பழகணுமாம்! எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் எப்படி வேலை செய்கிறது என்று எனக்கும் தெரியும். நாம் எவ்வளவு விசையோடு திருப்புகிறோம் என்பதை டார்க் சென்சார் அளக்கிறது, அதற்கு ஏற்ற மாதிரி மோட்டார் உதவுகிறது. அதில் ரோட்டின் உணர்வு குறையலாம், ஒத்துக்கொள்கிறேன். ஒட்டிக்கொண்டு துள்ளுவதற்குப் பெயர் உணர்வுக் குறைவு இல்லை, உராய்வு. எங்கோ ஒரு பாகம் இறுகி நிற்கிறது.

கஸ்டமரின் கற்பனை என்று இதைத் தள்ளுகிறவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2024 அக்டோபரில் ஹோண்டா அமெரிக்காவில் சுமார் 17 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. காரணம் இதே மாதிரி ஒட்டும் ஸ்டீயரிங். ஸ்டீயரிங் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் வார்ம் வீல் என்ற பல்சக்கரம் சரியாகத் தயாரிக்கப்படாததால், அதற்கும் அதோடு பொருந்திச் சுழலும் வார்ம் கியருக்கும் நடுவே உராய்வு கூடிவிட்டது. தீர்வு, ஸ்பிரிங்கை மாற்றி கிரீஸ் சேர்ப்பது. அங்கே வாகனப் பாதுகாப்பு அமைப்பு 2023இல் விசாரணையை ஆரம்பித்ததே, ஓட்டுகிறவர்கள் கொடுத்த புகார்களை வைத்துத்தான். என் வண்டி அந்தக் கம்பெனியுடையது இல்லை. என் வண்டியிலும் அதே பாகம்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அத்தனை பேரிடமும் “பழகணும்” என்று சொல்லி அனுப்பியிருந்தால், அந்த வண்டிகள் எல்லாம் இன்றைக்கும் அப்படியே நெளிந்துகொண்டுதான் இருக்கும்.

சரி, இழுவைக்கு வருகிறேன்.

முதல் முறை போனபோது டயர் பிரஷர் பார்த்தார்கள். நான்கிலும் 44 பிஎஸ்ஐ. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருப்பது 33. தொழிற்சாலையிலிருந்து வண்டிகளை ஏற்றி அனுப்பும்போது டயரில் கூடுதலாகக் காற்று வைப்பது வழக்கம். ஷோரூமில் டெலிவரிக்கு முன் செய்யும் பரிசோதனையில் அதைக் குறைத்துச் சரிசெய்ய வேண்டும். என்னிடம் கொடுத்த பரிசோதனைப் பட்டியலில் “டயர் பிரஷர்” என்ற வரிக்கு எதிரே அழகாக ஒரு டிக் இருக்கிறது, கீழே கையெழுத்தும் இருக்கிறது. டயர் வால்வு மூடியைக்கூடத் திறந்து பார்க்காமல் போட்ட கையெழுத்து அது. இதில் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. காற்றையே பார்க்காதவர்கள் பிரேக்கைப் பார்த்திருப்பார்கள், நட்டு போல்ட்டைப் பார்த்திருப்பார்கள் என்று எதை வைத்து நம்புவது?

காற்றைக் குறைத்தார்கள். இழுவை அப்படியே இருந்தது. “புது டயர் சார், ஓட்ட ஓட்ட செட் ஆகிடும்” என்று அனுப்பிவிட்டார்கள். புது டயரின் மேல்பரப்பு முதல் சில நூறு கிலோமீட்டருக்கு வழுவழுப்பாக இருக்கும், பிடிப்பு கொஞ்சம் குறையும். அது உண்மை. அதனால் வண்டி ஒரே பக்கமாக இழுக்காது.

இரண்டாவது முறை அலைன்மென்ட். மெஷினில் ஏற்றி, சக்கரங்களில் தகடுகளை மாட்டி, அரை மணி நேரம் கழித்து ஒரு பிரிண்ட் அவுட் கொடுத்தார்கள். எல்லா எண்ணும் பச்சை. “பாருங்க சார், எல்லாம் கிரீன். வண்டி பெர்ஃபெக்ட்” என்றார். வெளியே எடுத்தேன். முதல் திருப்பத்தைத் தாண்டி நேர் ரோடு வந்ததும் இடது பக்கம் இழுத்தது. முத்திரை மட்டும் நேராகியிருந்தது, ஏனென்றால் சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராடைத் திருகி ஸ்டீயரிங்கை நடுவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். நோய் அப்படியே இருக்க, முகத்துக்குப் பவுடர் போட்ட கதை.

அன்று இரவு அந்தப் பிரிண்ட் அவுட்டை மேசையில் விரித்து வைத்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தேன். டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, சரி. கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்து நிற்கும் அளவு, இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றே. கேஸ்டரில்தான் கண் நின்றது. இடது முன் சக்கரம் 3.9 டிகிரி. வலது முன் சக்கரம் 5.1 டிகிரி. அனுமதிக்கப்பட்ட அளவு 3.75 முதல் 5.25 வரை. அதனால் இரண்டுமே பச்சை. ஒன்று அடிமட்டத்தை ஒட்டி நிற்கிறது, இன்னொன்று உச்சத்தை ஒட்டி நிற்கிறது. நடுவில் 1.2 டிகிரி வித்தியாசம்!

கேஸ்டர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சைக்கிளின் முன் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காரிலும் முன் சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ, அந்த அச்சு மேல்பக்கம் பின்னால் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுதான் கேஸ்டர். திருப்பம் முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவதற்கு அது முக்கியக் காரணம். இரண்டு பக்கமும் அது ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் ஒன்றை ஒன்று ஈடுகட்டி வண்டி நேராகப் போகும். ஒரு பக்கம் குறைந்தால், குறைந்த பக்கம் வண்டி இழுக்கும். எனக்கு இடது பக்கம் குறைவு. வண்டி இழுப்பதும் இடது பக்கம். இதைக் கண்டுபிடிக்க மெஷின்கூட வேண்டாம், அவர்கள் கொடுத்த காகிதத்தைப் படித்தாலே போதும். தினமும் இருபது வண்டிக்கு அந்தக் காகிதத்தை அச்சடித்துக் கொடுக்கிறவர்கள் ஒரு நாளாவது அதில் இருக்கும் எண்களைப் படிக்க மாட்டார்களா? பச்சையா சிவப்பா என்று பார்ப்பதற்கு மெக்கானிக் எதற்கு?

மூன்றாவது முறை பிரிண்ட் அவுட்டோடு போனேன். சூப்பர்வைசர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “ரோடு சரிவா இருக்கும் சார்” என்றார். மழைத் தண்ணீர் வடிய ரோட்டை நடுவில் உயர்த்தி ஓரத்தில் சரித்துத்தான் போடுவார்கள், அதனால் ஓரத்தை நோக்கி லேசாக நகர்வது இயல்பு. அதுவும் எனக்குத் தெரியும். அதனால்தான் போவதற்கு முன்பே காலியான ஒரு பெரிய மைதானத்தில், வண்டியைக் கோட்டுக்குள் வைக்கத் தானாகத் திருப்பும் லேன் அசிஸ்டை அணைத்துவிட்டு, எதிரெதிர்த் திசையில் ஓட்டிப் பார்த்திருந்தேன். போகும்போதும் இடது. வரும்போதும் இடது. முன் டயர்கள் இரண்டையும் பக்கம் மாற்றி மாட்டியும் பார்த்தாயிற்று. டயரில் குறை இருந்தால் இழுவையும் பக்கம் மாறும். மாறவில்லை. இவ்வளவும் அவர்கள் செய்திருக்க வேண்டிய சோதனைகள். காசு கொடுத்து வாங்கிய நான் செய்துகொண்டிருக்கிறேன்.

“நீங்களே ஓட்டிப் பாருங்கள்” என்று சாவியைக் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். நேர் ரோடு வந்தது. எழுபதில் போகும்போது கையைத் தளர்த்தினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணினேன். மூன்றைச் சொல்லும் முன்பே வண்டி ஓரக் கோட்டைத் தொட்டது. சட்டென்று பிடித்து வலது பக்கம் திருப்பினார். அவர் விரல் முட்டி வெளுத்ததைப் பார்த்தேன். பயந்துவிட்டார். அவருக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினார். அப்புறம் சொன்னார்: “லேசா இருக்கு சார். எல்லா வண்டியும் இப்படித்தான்.”

எனக்குக் கொதித்தது. நீங்கள் இப்போது ஸ்டீயரிங்கைப் பிடித்த வேகத்தைப் பார்த்தேனே ஐயா! லேசாக இருந்தால் ஏன் அப்படிப் பிடிக்க வேண்டும்? எல்லா வண்டியும் இப்படி என்றால் பக்கத்தில் நிற்கும் இதே மாடல் டெஸ்ட் டிரைவ் வண்டியைக் கொடுங்கள், இதே ரோட்டில் ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். அந்த வண்டி புக் ஆகியிருக்கிறதாம். திரும்பி வந்ததும் ஜாப் கார்டில் எழுதினார்களே, அந்த வரிதான் முதலில் நான் சொன்னது.

ஏன் அந்த ஒரு வரிக்கு இவ்வளவு சண்டை போடுகிறேன் என்று வீட்டில்கூடக் கேட்கிறார்கள். காரணம் இருக்கிறது. “ஸ்டீயரிங் இழுவை, ஸ்டீயரிங் ஒட்டல்” என்று எழுதினால் அது கோளாறு, கம்பெனிக்குப் போகும், வாரன்ட்டியில் வரும். “கஸ்டமர் அலைன்மென்ட் கேட்டார்” என்று எழுதினால் அது சாதாரண வேலை, செய்து கொடுத்தாயிற்று, கதை முடிந்தது. என் வாரன்ட்டி புத்தகத்தில் அலைன்மென்ட்டும் டயர் தேய்மானமும் வராது என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. ஆறு மாதம் கழித்து டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்து நின்றால், “நீங்க ஓட்டின விதம் சார்” என்று சொல்ல இப்போதே வழி போட்டு வைக்கிறார்கள். அந்த வரியை மாற்றி எழுதினால்தான் கையெழுத்து என்றேன். கணினியில் ஏறிய பிறகு மாற்ற முடியாது என்றார்கள். கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன்.

நான்காவது முறை நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வண்டியை லிஃப்டில் ஏற்றியிருந்தார்கள். அட்வைசர் போன் பேச வெளியே போனார். கீழே டார்ச்சோடு நின்ற இளம் மெக்கானிக் ஒருவர் என்னைப் பார்த்து, “இங்க வாங்க சார்” என்று மெதுவாகக் கூப்பிட்டார். முன் சஸ்பென்ஷன் எல்லாம் தாங்கி நிற்கும் சப்ஃப்ரேமைக் காட்டினார். அதைப் பிடித்திருக்கும் பெரிய போல்ட்டின் வாஷர் ஓரத்தில், இடது பக்கம், பிறை நிலா மாதிரி மெல்லிசாகப் பளபளவென்று இரும்பு தெரிந்தது. சுற்றிலும் கறுப்புப் பெயின்ட், அந்த ஒரு கீற்று மட்டும் பளிச். “வாஷர் முதல்ல இருந்த இடம் இது. ஃப்ரேம் இந்தப் பக்கம் பின்னாடி நகர்ந்திருக்கு” என்றார். வலது பக்கம் காட்டினார். அங்கே பிறை இல்லை.

ஏற்றி வரும்போது இழுத்துக் கட்டியதில் நகர்ந்ததா, தொழிற்சாலையிலேயே போல்ட்டைச் சரியாக இறுக்கவில்லையா, எனக்குத் தெரியாது. ஆனால் இடது பக்கம் பின்னால் நகர்ந்தால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ் ஆர்மும் பின்னால் போகும், கேஸ்டர் குறையும். என் காகிதத்தில் இருந்த 3.9 கண் முன்னால் பளபளத்தது. போல்ட்டைத் தளர்த்தி, ஃப்ரேமைச் சரியான இடத்தில் வைத்து, உரிய டார்க்கில், அதாவது குறித்த விசையில், இறுக்கி, திரும்ப அலைன்மென்ட் செய்து, ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளக்கும் ஆங்கிள் சென்சாரை ஜீரோ செய்தால் பாதி நாள் வேலை. அந்தத் தம்பி பத்து நிமிடத்தில் பார்த்ததை மற்றவர்கள் அத்தனை நாளாகப் பார்க்க மறுத்தார்கள். அவர் மேல் எனக்கு மரியாதை இருக்கிறது. அவர் பெயரை எங்கேயும் சொல்ல மாட்டேன், அவருக்குத் தொந்தரவு வரக்கூடாது.

அட்வைசர் திரும்பி வந்ததும் பிறையைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். போட்டோ எடுக்க வேண்டாம் என்றார். அதற்குள் நான் ஆறு போட்டோ எடுத்திருந்தேன். “கம்பெனி அப்ரூவல் வரணும் சார்” என்றார். அன்றிலிருந்து ஒன்பது நாள். ஒட்டலைப் பற்றி இன்னும் ஒருவரும் வாயே திறக்கவில்லை. அதுவரை இதையே ஓட்டலாமா என்று கேட்டேன். “தாராளமா ஓட்டலாம்” என்றார். அதை எழுதிக் கொடுங்கள் என்றேன். கொடுக்கவில்லை.

நாளை காலை ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் சொல்லும் இரண்டு கோளாறும் என் வார்த்தையிலேயே ஜாப் கார்டில் ஏற வேண்டும், கேஸ்டர் இரண்டு பக்கமும் எவ்வளவு என்று வேலைக்கு முன்னும் பின்னும் அச்சடித்துத் தர வேண்டும். அது வரை சாவி என் சட்டைப் பையில்தான் இருக்கும்.